24 வோல்ட்டிலிருந்து 3 கிலோவாட்: எந்த டோபாலஜி (சர்க்யூட் அமைப்பு)? (கேள்வி பதில்)

ஐசோலேஷன் (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாமை) உள்ள பெரிய டிசி-டிசி கன்வெர்ட்டர் (ஒரு டிசி வோல்டேஜை இன்னொன்றாக மாற்றும் கருவி) பற்றி நம் கரையோர நண்பர்கள் கேட்டவை.

பாம்பன், விசைப்படகுக்காரர்: அண்ணே, 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 350 வோல்ட் டிசி, 3 கிலோவாட் வேண்டும். ஃபிளைபேக்கில் முடியுமா?

முடியாது தம்பி. ஃபிளைபேக் ஒவ்வொரு சுற்றிலும் மொத்த எனர்ஜியையும் டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் தேக்கித்தான் அந்தப் பக்கம் தள்ளும். 100, 150 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாட்டை விடுங்கள், முதலில் ஆம்பியரைப் பாருங்கள். பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கி, எஃபிசியன்சி 90 சதவீதம் என்றால் இழுப்பது கிட்டத்தட்ட 160 ஆம்பியர். வழியில் 1 மில்லி ஓம் இருந்தாலே 25 வாட் சூடு. நான்கு மாஸ்ஃபெட் (எலெக்ட்ரானிக் சுவிட்ச்) உள்ள ஃபுல் பிரிட்ஜில் இந்தக் கரன்ட் ஒரே நேரத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டைத் தாண்ட வேண்டும், இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறி ஆன் ஆகும் புஷ்-புல்லில் ஒன்றுதான். புஷ்-புல்லில் இரண்டு மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் முனையும் கிரவுண்டில் இருப்பதால், அவற்றை ஆன்-ஆஃப் செய்யும் கேட் டிரைவும் சுலபம். அதனால் இங்கே நான் புஷ்-புல் பக்கம். ஆனால் ஆஃபில் இருக்கும் மாஸ்ஃபெட் இன்புட்டைப் போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது 29 என்றால் 58, அதற்கு மேல் ஸ்பைக் (திடீரென எகிறும் வோல்டேஜ்). 100 வோல்ட் மாஸ்ஃபெட் போடுங்கள்.

இன்னொன்று: 3 கிலோவாட்டையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் அடைக்காதீர்கள். பிரைமரியின் (பேட்டரி பக்கச் சுருளின்) இரண்டு பாதிகளும் நெருங்கி அமையாவிட்டால், 160 ஆம்பியர் அறுபடும் போது வரும் ஸ்பைக் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். 1 கிலோவாட்டாக மூன்று செய்து, இன்புட்டை பேரலலாகவும் அவுட்புட்டை சீரீஸாகவும் கட்டுங்கள். அவுட்புட்டில் ஒரே கரன்ட் மூன்றிலும் ஓடும், பங்கு போடும் சண்டை இல்லை.

கீழக்கரை, மாணவி: சார், புஷ்-புல்லில் கோர் சாச்சுரேட் ஆகும் (இதற்கு மேல் ஃப்ளக்ஸ், அதாவது காந்தப் பாயம், ஏற்காது) என்கிறார்களே?

ஆகும்மா. இரண்டு பாதிக்கும் ஆன் நேரம் கொஞ்சம் பிசகினாலும் ஃப்ளக்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பீக் கரன்ட் மோட் கன்ட்ரோல் (கரன்ட் குறித்த உச்சத்தைத் தொட்டதும் சுவிட்சை அணைப்பது) வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதுவே சரிசெய்துகொள்ளும்.

தொண்டி, இறால் பண்ணை: சோலாரின் 400 வோல்ட் பஸ்ஸிலிருந்து (பொது டிசி லைன்) 48 வோல்ட் பேட்டரிக்கு 5 கிலோவாட் சார்ஜிங். எல்எல்சியா (ரெசனன்ஸ் வகை கன்வெர்ட்டர்), ஃபுல் பிரிட்ஜா?

ஃபேஸ் ஷிஃப்ட் ஃபுல் பிரிட்ஜ் (இரண்டு சுவிட்ச் ஜோடிகளின் நேரத்தை முன்பின் தள்ளி அவுட்புட்டைக் கட்டுப்படுத்துவது). இரண்டே சுவிட்ச் உள்ள ஹாஃப் பிரிட்ஜில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதி வோல்டேஜ்தான், எனவே கரன்ட் இரட்டிக்கும். எல்எல்சி ரெசனன்ஸ் பக்கத்திலேயே ஓடும்போதுதான் அருமை. உங்கள் பேட்டரி 42-லிருந்து 58 வரை ஏறும், அதற்காக ஃப்ரீக்வென்சி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கும். ஃபுல் பிரிட்ஜுக்கும் ஒரு குறை உண்டு: லோடு குறைந்தால் லேகிங் லெக்கில் (பின்தங்கி மாறும் சுவிட்ச் ஜோடியில்) ஜீரோ வோல்டேஜ் சுவிட்சிங் (வோல்டேஜ் இல்லாதபோது ஆன் ஆவது) போய்விடும். சின்ன சீரீஸ் இண்டக்டர் சேர்த்தால் சமாளிக்கலாம். செகண்டரி டையோடுகளுக்கு கிளாம்ப் (ஸ்பைக்கை அடக்கும் சர்க்யூட்) கட்டாயம்.

தொண்டி, இறால் பண்ணை: அதே பேட்டரி இரவில் பவரைத் திருப்பி அனுப்பி ஏரேட்டரை (குளத்தில் காற்று கலக்கும் இயந்திரம்) ஓட்ட வேண்டுமென்றால்?

அப்போது டூயல் ஆக்டிவ் பிரிட்ஜ். இரு பக்கமும் பிரிட்ஜ், ஃபேஸை முன்பின் தள்ளினால் பவரும் திசை மாறும். டிரான்ஸ்ஃபார்மரின் டர்ன்ஸ் ரேஷியோவை (இரு சுருள்களின் சுற்று விகிதம்) பேட்டரி அதிக நேரம் நிற்கும் வோல்டேஜுக்கு வையுங்கள். விலகினால் வெறுமனே சுற்றும் கரன்ட் கூடும். அப்புறம், உப்புத் தண்ணீரில் ஆள் இறங்கும் இடம் அது. காசு மிச்சம் என்று ஐசோலேஷனை விட்டுவிடாதீர்கள், உயிர் விஷயம்.

வாலிநோக்கம், ஒர்க்‌ஷாப்: உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

ஃபேன் காற்றை போர்டு மேல் விடாதீர்கள். மூடிய பெட்டி, ஹீட் சிங்க் வெளியே, போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு). பேட்டரி லக்கில் (கேபிள் முனையில்) பச்சை பூத்தால் அங்கேயே அந்த 1 மில்லி ஓம் வந்துவிடும். வெள்ளீயம் பூசிய லக் வாங்கி, நன்றாக கிரிம்ப் செய்து, மேலே ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.