மாயக்கதை எழுதும் மகள்: கொளத்தூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடிக்கப்போகிற மகள் "இன்ஜினியரிங் எல்லாம் வேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் இருந்து ஃபேன்டஸி நாவல் எழுதி முடிக்கிறேன்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் சோறு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கூடவே ஒரு புகாரும் இருக்கிறது: தன் கதையை எழுதுவதைவிட, பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் பழக்கமான மற்றவர்களின் கதைகளைப் படித்துத் திருத்தம் சொல்வதிலும், யாரோ ஒருத்தருடைய புத்தகத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதிலும்தான் அவளுக்கு நேரம் போகிறது.

புகாரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் வெட்டி வேலை என்று நினைப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை. அதை அவள் யாரும் சொல்லாமலே செய்கிறாள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே விஷயம்.

தமிழில் புது எழுத்தாளருக்கு விளம்பரம் கொடுக்கிற வசதி பெரும்பாலான பதிப்பகங்களுக்குக் கிடையாது. முன்பு ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்துவிட்டது. நூறு இருநூறு அடித்துப் பார்க்கிறார்கள், தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். ராயல்டி பொதுவாக விலையில் 10 சதவீதம். 350 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் அவள் கைக்கு வருவது 17,500 ரூபாய். எழுத இரண்டு வருடம் ஆகியிருக்கும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் கொஞ்சம் கூடும். அது எப்போது வரும், வருமா என்பதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆகவே "நாவல் மட்டும்" என்ற திட்டத்துக்கு என் பதில் முடியாது என்பதுதான். வேலை ஒன்று, நாவல் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து நடத்தலாம். தமிழில் எழுதிய பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள், தபால் நிலையத்திலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்துகொண்டு.

அந்த 500 பிரதியும் தானாகப் போகாது. 1977 முதல் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு, பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு, அவளோடு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். புத்தகங்களைப் பார்க்க வேண்டாம், எழுத்தாளர்களைப் பாருங்கள். பதிப்பக அரங்கின் ஓரத்தில் நின்று, கையெழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் வராத நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தை எடுத்துக் காட்டி "இதைப் படிச்சீங்களா, நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கடைசி வரியைச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் மறு வருடமும் வாசகர்கள் தேடி வருகிறார்கள். தன் புத்தகத்தைத் தானே புகழ்ந்தால் கூச்சமாக இருக்கும், கேட்பவருக்கும் நம்பிக்கை வராது. இன்னொருவர் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது குரலே வேறாக இருக்கும்.

ஃபேன்டஸிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அம்புலிமாமா 1947இல் சென்னையிலிருந்துதான் வரத் தொடங்கியது. வேதாளமும் ராட்சசனும் நமக்குப் புதிது இல்லை. ஆனால் பெரியவர்கள் படிக்கிற ஃபேன்டஸி நாவலுக்குத் தமிழில் தனி அலமாரி இன்னும் உருவாகவில்லை. கடையில் அதைச் சரித்திர நாவலோடு வைப்பதா சிறுவர் நூலோடு வைப்பதா என்றே தெரியாமல் நிற்பார்கள். வாசகர் கூட்டம் சிறியது. அந்தக் கூட்டம் ஒருவர் எழுதுவதோடு நிற்பதில்லை. டிராகன் கதை ஒன்று பிடித்தால் அடுத்ததைத் தேடும். உங்கள் மகள் மூன்று வருடத்துக்கு ஒரு பாகம் எழுதினால், நடுவில் உள்ள காலத்துக்கு அந்த வாசகர் வேறு யாரையாவது படித்துத்தான் ஆக வேண்டும். அந்த வேறு யாரோ அவளுக்குப் போட்டி இல்லை. அவர்தான் அவளுடைய இரண்டாம் பாகம் வரும்வரை வாசகரைப் பிடித்து வைத்திருக்கிறவர்.

இது ஓரளவுக்குக் கல்யாண வீட்டு மொய் மாதிரி. நாம் எழுதியது என்றைக்காவது திரும்பி வரும். ஆனால் மொய் நோட்டுப் புத்தகம் போட்டுக் கணக்கு வைக்க ஆரம்பித்தால் இங்கே கதை கெட்டுவிடும். "நீ எனக்கு ஐந்து நட்சத்திரம் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்கிற குழுக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் அவள் இருந்தால் வெளியே வரச் சொல்லுங்கள். நெருங்கிய நண்பர்களும் வீட்டாரும் எழுதும் மதிப்புரையை அமேசான் விதிகளே அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். (நீங்களும் உங்கள் கணக்கிலிருந்து போட்டுவிடாதீர்கள், அம்மா. பாசம் புரிகிறது.) அதைவிட முக்கியம், ஒரு மோசமான புத்தகத்தை ஆகா ஓகோ என்று சொன்னவளின் அடுத்த பரிந்துரையை வாசகர் நம்ப மாட்டார். பிடித்திருந்தால் எங்கே பிடித்தது என்று எழுதட்டும். பிடிக்காவிட்டால் எழுதியவருக்குத் தனியாகச் சொல்லட்டும், பொதுவில் பேசாமல் இருக்கட்டும். இந்த ஒரு ஒழுக்கம் இருந்தால் போதும், இரண்டு மூன்று வருடத்தில் அவள் சொல்லுக்கு மதிப்பு வந்துவிடும்.

மற்றவர் கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திருத்தம் சொல்வதைப் பற்றியும் வருத்தப்பட்டிருந்தீர்கள். எங்கே கதை தொய்கிறது, எந்தப் பாத்திரம் காரணமில்லாமல் பேசுகிறது என்று அடுத்தவர் எழுத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு எடிட்டர் வேலை பார்க்கத் தெரியும். தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளருக்குப் பஞ்சமில்லை, நல்ல எடிட்டருக்குத்தான் பஞ்சம். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: அன்றைய சொந்தப் பக்கம் முடிந்த பிறகுதான் மற்றவர் பக்கம். தன் கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது அடுத்தவர் கதைக்குள் ஒளிந்துகொள்வது எழுதுகிறவர்களுக்கு உள்ள பழைய வியாதி.

இப்போது உங்களுக்கு நேரடியாக ஓர் எச்சரிக்கை. "பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம், பரிசும் வாங்கித் தருகிறோம்" என்று பேக்கேஜ் விற்பவர்கள் மாணவர்களைவிடப் பெற்றோரைத்தான் குறிவைக்கிறார்கள். மகளின் பிறந்தநாளுக்குப் புத்தகம் என்று ஆசையாகப் பணம் கட்டி, கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பிரதிகளை வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசு கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே அவளுடையது. பதிவு செய்துகொள்ள விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம், கட்டாயமும் இல்லை.

ஒப்பந்தம் என்று வந்தால், அவளுக்கு 18 முடியும்வரை அவள் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அதுவரை எதிலும் கையெழுத்திட விடாதீர்கள். அதன் பிறகும் எத்தனை வருடத்துக்கு உரிமை, எந்தெந்த வடிவத்துக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாததை இந்தியாவுக்குள் என்றும்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகளை அச்சு உரிமையோடு சேர்த்துத் தாரைவார்க்க வேண்டாம். கோடம்பாக்கத்திலிருந்து அழைப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் பேசுவதற்கு உரிமை அவளிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தானே வெளியிடலாமே என்று அவள் சொல்வாள். தாராளமாக. ஆனால் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானுக்கு மட்டுமே மின்னூலைத் தரும் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். சேர்ந்தால், திட்டத்தின் ஒரு தவணையான 90 நாளும் அதே மின்னூல் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை கிடக்கும்போது இங்கேயும் ஏற்றினால் சிக்கல் வரும். எதை எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யட்டும். முதல் பாகத்தைக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ பரப்பி, இரண்டாம் பாகத்தில் சம்பாதிப்பதுதான் தொடர்கதைக்காரர்களின் வழக்கம். அதற்கு இரண்டாம் பாகம் கையில் இருக்க வேண்டும்!

பரிசு, உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 50,000 ரூபாய். நேஷனல் புக் டிரஸ்டின் பி.எம். யுவா திட்டத்தில் தேர்வான 30 வயதுக்குட்பட்டோருக்கு ஆறு மாதத்துக்கு மாதம் 50,000 ரூபாய் தந்தார்கள். நல்ல தொகைதான், கருப்பொருளை அவர்கள் தருவார்கள். பறக்கும் நாகத்துக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். இவற்றை மனதில் வைத்து வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம்.

படிப்புக்கு வருகிறேன். ஒரு வருட இடைவெளி வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பள்ளிக்கூடம், டியூஷன், தேர்வு என்று ஓடிக்கொண்டிருந்தபோதே முன்னூறு பக்கம் எழுதியவளுக்கு முழு நாள் கையில் கிடைத்தால் எழுத்து கூடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும் தூக்கம்தான் கூடும். இன்ஜினியரிங்கில் விருப்பமே இல்லை என்றால் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். தமிழ் அல்லது ஆங்கில இலக்கியம், விஸ்காம், இதழியல் எதுவும் சரி. திரைக்கதைப் பக்கம் மனம் போனால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு, கணினி புரிந்து தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தக் கோணத்தில் பார்த்தால் கம்ப்யூட்டர் சயின்ஸும் கெட்ட முடிவு இல்லை. பாக்கெட் எஃப்.எம்., குக்கூ எஃப்.எம். போன்ற ஒலிச் செயலிகளுக்கு நீண்ட தொடர்கள் எழுத ஆள் எடுக்கிறார்கள், அங்கே மாயக்கதைக்கு மவுசு உண்டு. ஆனால் வாரக்கணக்கில் எபிசோடு எழுதித் தள்ளுகிற வேலை அது. மாலையில் சொந்த நாவலுக்கு மூளையில் மிச்சம் இருக்காது. எழுத்தே இல்லாத ஓர் அலுவலக வேலை சில நேரம் நாவலாசிரியருக்கு இதைவிட நல்லது.

கல்லூரி எதுவானாலும் ஒன்றைப் பாருங்கள்: போக வர எவ்வளவு நேரம்? கொளத்தூரிலிருந்து தாம்பரம் தாண்டிப் போய் வந்தால் நாவல் அதோடு முடிந்தது. சனி ஞாயிறில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ போகட்டும். மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கும் போகட்டும், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கிலும் கே.கே. நகர் புத்தகக் கடைகளிலும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. அனுமதி இலவசம், பெரும்பாலும் டீயும் உண்டு. பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வராமல், ஒரு பிரதி வாங்கி, படித்து, நாலு பத்தி எழுதி வெளியிடச் சொல்லுங்கள். அந்தப் புத்தகச் செலவை நீங்கள் கொடுங்கள். பேக்கேஜ்காரரிடம் கட்டவிருந்த பணத்தில் அது ஒரு சிறு பகுதிதான்.

நாவலைப் பொறுத்தவரை, முதல் வருடக் கல்லூரி முடிவதற்குள் ஒரு கதையைக் கடைசி வரி வரை எழுதி, இரண்டாவது முறை திருத்தி எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முடித்திருக்கிறாளா என்பது மட்டும்தான் கேள்வி. முடித்திருந்தால் பதிப்பகத்துக்கு அனுப்புவது பற்றி அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். புதிது புதிதாக முதல் அத்தியாயங்களாகவே எழுதிக்கொண்டிருந்தால் அப்போதும் பேசச் சொல்லுங்கள், வேறு விதமாகப் பேசுவோம்.

ரிசல்ட் வந்ததும் கலைக் கல்லூரி விண்ணப்பங்களோடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவையும் செய்துவிடுங்கள். இடம் கிடைத்தபின் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. பதிவுத் தேதி போய்விட்டால் அந்த வருடம் திரும்ப வராது.