கொரிய மேலாளரின் பிள்ளைகளுக்கு ஐபியா, கேம்பிரிட்ஜா? முதலில் அப்பா தங்கும் நாட்களை எண்ணச் சொல்லுங்கள்

கேள்வி: அடுத்த வருடம் சியோலிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வரும் கொரிய மேலாளருக்கு எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். சென்னையில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்), கேம்பிரிட்ஜ், அமெரிக்கன், சிபிஎஸ்இ, எதில் சேர்க்கச் சொல்லலாம்?

பாடத்திட்டம் அப்புறம். அவரை எத்தனை வருடத்துக்கு அனுப்புகிறார்கள், எந்த மாதம் வந்து இறங்குகிறார், மகள் கல்லூரிக்குக் கொரியா போவாளா அமெரிக்காவா என்று முதலில் கேளுங்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கொரிய மொழிபெயர்ப்பாளன். பெயருக்குத்தான் மொழிபெயர்ப்பு, வேலையில் பாதி வீடு பார்ப்பதும் ஸ்கூல் அட்மிஷனுக்குக் கூடப் போவதும்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வருடத்துக்கு நாலைந்து முறை வரும்.

கம்பெனி அனுப்பி வெளிநாடு வருகிறவரைக் கொரியர்கள் ஜுஜேவொன் என்பார்கள். அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளை இருந்தால் சாப்பாட்டு மேசையில் பேச்சே ஒரு சலுகையைப் பற்றித்தான். வெளிநாட்டில் படித்த கொரியப் பிள்ளைகளுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தனி வழி வைத்திருக்கின்றன. நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற அந்தப் பெரிய நுழைவுத் தேர்வை எழுதாமலே இந்த வழியில் உள்ளே போகலாம், ஆனால் இடங்கள் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 2 சதவீதம்தான். ஏழாம் வகுப்பிலிருந்து குறைந்தது மூன்று கல்வியாண்டு வெளிநாட்டில் முடித்திருக்க வேண்டும், அதில் ஒன்றாவது பத்தாம் வகுப்பாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். 2021 சேர்க்கையிலிருந்து நாள் கணக்கும் கறாராகிவிட்டது. அந்த ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் பிள்ளை நான்கில் மூன்று பங்கு நாட்களும் பெற்றோர் மூன்றில் இரண்டு பங்கு நாட்களும் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் நுழைந்ததும் கிளம்பியதும் அரசாங்கப் பதிவில் இருக்கிறது, மழுப்ப முடியாது. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருடமும் வெளியிலேயே படித்தவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு, அதில் பெற்றோர் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்பதில்லை. உங்கள் மேலாளருக்கு அது பொருந்தாது.

ஒரு அம்மா இதற்காகவே ஏ3 தாளில் அட்டவணை அச்சடித்து வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு கட்டம், கணவர் ஊருக்குப் போன நாட்கள் சிவப்பு, தான் போன நாட்கள் மஞ்சள். அவருடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று கொரியாவின் தேகு நகரில் போய் இருந்த வாரங்கள் மட்டும் நீளமான மஞ்சள் பட்டையாகத் தெரிந்தன. காபி ஆறிக்கொண்டிருக்க, கால்குலேட்டரில் தட்டித் தட்டி, "இன்னும் பதினொரு நாள் போகலாம்" என்றார். அம்மாவைப் பார்க்க அவருக்கு மிச்சமிருந்தது பதினொரு நாள்!

இன்னொரு குடும்பம் இவ்வளவு ஜாக்கிரதையாக இல்லை. ஐபியா ஏ லெவலா (கேம்பிரிட்ஜின் பள்ளி இறுதிப் படிப்பு) என்று ஆறு மாதம் ஆராய்ந்து நல்ல பள்ளியாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். இரண்டு வருடம் எட்டு மாதத்தில் தலைமை அலுவலகம் அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. நாலு மாதம் குறைந்ததில் சலுகை போயிற்று, அந்தப் பையனும் ஆராய்ந்து எடுத்த அதே பாடத்திட்டத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சிக்கல் காலண்டர். கொரியாவில் பள்ளி மார்ச்சில் தொடங்கும், இங்கே சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்டில். பிப்ரவரியில் எட்டாவது முடித்து வரும் பெண்ணை உடனே சேர்த்தால் எட்டாவதின் பின்பாதியை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும், இல்லையென்றால் ஆகஸ்ட் வரை சும்மா இருக்க வேண்டும், அதுவும் வேண்டாம் என்று ஒன்பதாவதின் பின்பாதியில் ஏற்றினால் முன்பாதியே இல்லாமல் போகும். எந்த அரையாண்டு விடுபட்டது, எது இரண்டு முறை வந்தது என்று பின்னால் கொரியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் தோண்டும். ஏப்ரலில் தொடங்கும் நம் சிபிஎஸ்இதான் கொரியக் காலண்டருக்குக் கிட்டத்தில் வருகிறது, வேடிக்கைதான். ஆனாலும் எட்டாவதுக்கு மேல் வரும் கொரியப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆங்கிலமே புதிதாக இருக்கும் பெண்ணுக்கு இரண்டாம் மொழியையும் சேர்த்துத் தலையில் கட்ட வேண்டாம்.

சரி, இப்போது பாடத்திட்டம். மகளுடைய எழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கணக்கைப் பார்த்து அல்ல. ஒரு பையனை நுழைவுத் தேர்வுக்கு அழைத்துப் போனேன், கணக்குத் தாளை இருபது நிமிடத்தில் முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஆங்கிலத் தாளில் உனக்குப் பிடித்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று இருந்தது. பாட்டி வீட்டில் பெர்சிமன் மரம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு மீதி நேரம் முழுக்கப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட பிள்ளையை இரண்டே வருடத்தில் ஐபியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான டிப்ளமோவுக்குள் தள்ளினால் திணறிப்போவான். ஆறு பாடம், 4,000 வார்த்தைக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்று தனியாக ஒன்று, எல்லாமே எழுத்து. மூன்று நாலு பாடத்தோடு நிற்கும் ஏ லெவல் அவனுக்குச் சரிப்படும், கணக்கும் இயற்பியலும் எடுத்துக்கொண்டு கரையேறிவிடுவான்.

அதே சமயம் ஐபியில் கொரியப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பள்ளியில் கொரிய ஆசிரியர் இல்லாவிட்டாலும் கொரிய இலக்கியத்தைத் தானாகப் படித்துத் தாய்மொழிப் பாடமாக எழுதலாம். வெளியில் ஒரு ட்யூஷன் டீச்சர் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அமெரிக்கப் பள்ளியில் ஏபி (கல்லூரி அளவிலான பாடங்கள், அவற்றின் தேர்வுகள்) என்றால் பதினொன்றாவதிலேயே சில தேர்வுகளை முடித்து மார்க்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சலுகை வழிக்கு விண்ணப்பம் பெரும்பாலும் ஜூலை தொடக்கத்தில் என்பதால் இது சின்ன விஷயமில்லை, ஏ லெவல் முடிவு வர ஆகஸ்ட் ஆகிவிடும். சில பல்கலைக்கழகங்கள் ஆவணங்களை மட்டும் பார்க்கும், சில எழுத்துத் தேர்வு வைக்கும், ஆங்கிலத்தோடு கலைப் பிரிவுக்குக் கொரிய மொழி, அறிவியலுக்குக் கணக்கு. அதற்காகக் கோடை விடுமுறையில் சியோல் தேச்சி-தோங்கில் ஹாக்வொன் எனப்படும் கோச்சிங் சென்டர்களுக்குப் பிள்ளைகளை அனுப்புவார்கள். அந்த நாட்களும் தங்கும் கணக்கில் கழியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சின்னவனுக்கு எந்தப் பள்ளியானாலும் பரவாயில்லை, வீட்டு கேட் பக்கத்தில் இருப்பது உத்தமம். அவன் விஷயத்தில் பயப்பட வேண்டியது கொரிய மொழி மறந்துவிடுமே என்றுதான். கொரியனில் 'புன்சு' என்றால் நீரூற்று, கணக்கில் அதே சொல் பின்னம். மூன்றாவதில் இங்கே வந்து ஆறாவதில் திரும்பிய ஒரு பெண் பின்னக் கணக்கை ஆங்கிலத்தில் சரசரவென்று போடுவாள். ஊரில் டீச்சர் புன்சு என்றதும் அவளுக்குப் பூங்கா ஞாபகம் வந்ததாம், அவள் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஹனோயிலும் ஜகார்த்தாவிலும் இருப்பது மாதிரி இந்தியாவில் முழுநேரக் கொரியப் பள்ளி கிடையாது. சனிக்கிழமை வகுப்பும், ஊரிலிருந்து வரவழைத்த கணக்குப் புத்தகமும், ராத்திரி அரை மணி நேரம் அப்பாவும்தான் வழி.

மேலாளரிடம் இன்றைக்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மகள் போக நினைக்கும் பல்கலைக்கழகங்களின் மோஜிப் யோகாங்கை, அதாவது சேர்க்கை அறிவிப்பை, இந்த வருடத்துக்கானதாகவே எடுத்துப் படிக்கட்டும், நிபந்தனைகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அப்புறம், விமானம் ஏறுமுன் இரண்டு பிள்ளைகளின் பள்ளியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி போட்ட சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கி, ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு சான்றளிக்கும் அப்போஸ்தில் முத்திரையும் குத்தி எடுத்து வரட்டும். இங்கே வந்த பிறகு அதற்காக கூரியருக்குக் காத்துக் கிடந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.