எடை குறையாவிட்டால் நடைப்பயிற்சி வீணா?

வீணில்லை. எடைக்கருவியின் எண் மாறாமலேயே வயிற்றின் உட்பகுதிக் கொழுப்பும் அதிலுள்ள அழற்சியும் குறையக்கூடும் என்பதால், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 3 மாதம் நடந்தும் எடை குறையவில்லை, உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையான சிஆர்பி லிட்டருக்கு 4 மி.கி. என்று வந்திருக்கிறது என்பதற்காக 62 வயதான உங்கள் தந்தையார் நடையை நிறுத்த வேண்டாம்.

வயது ஏறும்போது கொழுப்பு தோலுக்கடியில் தங்குவது குறைந்து வயிற்றுக்குள் சேர்கிறது. அங்கே பருத்த கொழுப்புச் செல்களைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. உழைக்கும் தசையோ இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞைப் புரதத்தை வெளியிட்டு, அதன் வழியே அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10ஐ உயர்த்துகிறது. கொழுப்பிலிருந்து ஓயாமல் கசிந்தால் கெடுதல் செய்வதும் அதே இன்டர்லூகின்-6தான் என்பது விந்தை.

நடையின் வேகம் போதவில்லை என்றே ஊகிக்கிறேன். காந்தி சிலையருகே நின்று நின்று அரட்டையடிப்பது கணக்கில் சேராது. நடக்கையில் அவரால் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இடுப்புச் சுற்றளவை இன்றும் 8 வாரம் கழித்தும் அளந்து பாருங்கள்; இந்திய ஆண்களுக்கு வரம்பு 90 செ.மீ.

ஆனால் சிஆர்பி கொழுப்பினால் மட்டும் உயர்வதில்லை. சளி, ஈறு நோய், மூட்டு அழற்சி ஆகியவையும் அதை உயர்த்தும். உடல் நலமாக இருக்கும்போது, முந்தைய நாள் கடும் பயிற்சியின்றி, 2 வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். 10ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.