கூப்பனும் கூட்டாளிகளும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் தக்கலைப் பக்கத்துக்காரன். பெயர் வேண்டாம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடப் போவோம். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு உணவகத்துக்குப் போனோம். இடம் பிடிப்பது, பணம் கட்டுவது, பிறகு எங்களிடம் வசூலிப்பது எல்லாம் எப்போதும் ஒரே நண்பன்தான். அன்று இரவே 'ஆளுக்கு 700' என்று செய்தி வந்தது. எல்லோரும் அனுப்பிவிட்டோம். ஆனால் வெளியே வரும்போது கல்லாவில் கிடந்த பில் என் கண்ணில் பட்டிருந்தது. சாப்பாடு 4,000, கூப்பன் தள்ளுபடி 1,000, வரி 150, மொத்தம் 3,150. கூப்பன் பற்றி அவன் எங்களிடம் மூச்சு விடவில்லை. "175 ரூபாய்க்காக நட்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்கிறாள் என் மனைவி. இதைக் கேட்பது அற்பத்தனமா?

இன்னொன்று. அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்த 2,000 ரூபாய் பரிசு வவுச்சர் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் இதே கூட்டத்தில் அதைக் கொடுத்தால், நானும் எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பையிலிருந்து போன 175 ரூபாயை மட்டும் பார்க்கிறீர்கள். மொத்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் 700 வீதம் 3,500 கொடுத்திருக்கிறீர்கள். கடைக்குப் போனது 3,150. உங்கள் நண்பர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு 350 ரூபாய் மிச்சத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

700 எப்படி வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். 4,000 ரூபாய்க்கு 5 சதவீத வரி 200. கூட்டினால் 4,200, ஆறால் வகுத்தால் 700. அதாவது பில்லில் இல்லாத ஒரு வரியைத் தானே போட்டிருக்கிறார். அரசாங்கம் கேட்காத 50 ரூபாயை அரசாங்கத்தின் பெயரால் வசூலித்திருக்கிறார். இல்லை, 4,150ஐ ஆறால் வகுத்து 691 வந்ததும் சில்லறை வேண்டாம் என்று 700 ஆக்கினார் என்றும் வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும் அந்த ஆயிரம் ரூபாய் கணக்கில் தலைகாட்டவில்லை. மறதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பணமா பெரிது" என்று இந்த இடத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்து அனுப்பிய பிறகு பணம் பெரிதுதான். நம் மாவட்டத்தில் இந்த வகுத்தல் பழக்கம் ரொம்பப் பழையதும் இல்லை. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ நாலு பேர் சாயா குடித்தால்கூடக் கல்லா முன்னால் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். ஒருவர் இன்னொருவர் கையைப் பிடித்து இழுப்பார், மூன்றாமவர் அதற்குள் காசை நீட்டிவிடுவார், கடைக்காரர் யாரிடம் வாங்குவது என்று விழிப்பார். இன்று இவர், நாளை அவர் என்று தோராயமாக ஓடிய கணக்கு அது. அதில் கூப்பனுக்கு வேலையே இல்லை. கொடுப்பவர் எப்படிக் கொடுத்தால் யாருக்கு என்ன? 2016-ல் யுபிஐ வந்த பிறகுதான் 691 ரூபாயைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து வசூலிக்க முடிகிறது. ரூபாய் சுத்தமாக வசூலிக்கிறவர் ரூபாய் சுத்தமாகக் கணக்கும் காட்ட வேண்டும். காட்ட விருப்பமில்லை என்றால் பழையபடி மொத்தத்தையும் தானே கொடுத்துவிட்டுப் போகலாம், கையைப் பிடித்து இழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, தள்ளுபடி யாருக்குச் சொந்தம்? பில்லிலேயே விடை இருக்கிறது. உங்கள் பில்லில் ஆயிரம் ரூபாய் கழிந்தது வரிக்கு முன்னால். ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்துவிட்டு, மிச்சத் தொகைக்குத்தான் வரி. அதனால்தான் 200 இருக்க வேண்டிய இடத்தில் 150 இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த இரவு நீங்கள் ஆறு பேரும் சாப்பிட்ட சாப்பாட்டின் விலையே 3,000தான். 4,000 என்பது பட்டியல் விலை, அவ்வளவே. விலை குறைந்தால் அது மேசையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் குறைந்தது. ஆறு பேர் சாப்பிட்டதால்தான் 4,000 ஆயிற்று, 4,000 ஆனதால்தான் ஆயிரம் கழிந்தது. அவர் தனியாகப் போய் ஒரு செட் பொரோட்டா தின்றிருந்தால் அந்தக் கூப்பன் பத்து ரூபாய்கூடப் பெற்றுத் தந்திருக்காது.

உங்கள் நண்பர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கலாம். மாதாமாதம் இடம் பிடிக்கிறார், ஆட்களைச் சேர்க்கிறார், தன் பணத்தை முதலில் போடுகிறார், பாக்கி வைப்பவர்களிடம் நினைவூட்டிச் சலிக்கிறார். அந்தக் கூப்பன் வரும் சந்தாவுக்கு ஆண்டுதோறும் கட்டணம்கூடக் கட்டியிருக்கலாம். கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் யாராவது மறுப்பார்களா? "இந்தத் தடவை கூப்பனில் ஆயிரம் கழிந்தது, நீதான் அலைந்தாய், நீயே வைத்துக்கொள்" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். சுற்றியிருப்பவர்கள் மனமொப்பிக் கொடுக்க வேண்டிய கூலியை ஆளே எடுத்துக்கொண்டுவிட்டார். அதைத்தான் உங்களால் விழுங்க முடியவில்லை.

இதைவிட மோசமான கூப்பன் அட்டூழியம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. 'குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும்' என்ற நிபந்தனைக்காக மேசை முழுவதையும் வற்புறுத்திச் சாப்பிட வைப்பது. எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். பில் வருவதற்குள் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "இன்னும் 300 ரூபாய்க்குச் சொன்னால் கூப்பன் செல்லும்" என்பார். யாருக்கும் வேண்டாத ஐஸ்கிரீம் வரும், ஒரு தட்டு மீன் வறுவல் வரும். சர்க்கரை நோய்க்காரர் ஒரு பொரோட்டாவும் போஞ்சி என்கிற எலுமிச்சைச் சாறும் போதும் என்று இருந்திருப்பார். அவர் பங்கும் அந்த ஐஸ்கிரீமில் சேரும். கூப்பனுக்காகக் கடையைத் தேர்ந்தெடுப்பதும் இதே ரகம். கொளச்சல்காரர்களை, அவர்கள் ஊரில் மதியம் இறங்கிய மீன் இரவு சட்டியில் கொதித்துக்கொண்டிருக்க, நாகர்கோவிலுக்கு வரவழைத்து ஏசி அறையில் பனீர் தின்ன வைப்பவர்களை நான் அறிவேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்கிற கடையில் கூப்பனும் கிடையாது, பிரச்சினையும் கிடையாது.

நீங்கள் அழைத்து நீங்களே செலவு செய்யும் விருந்து என்றால் விஷயம் வேறு. கூப்பனை ஓசைப்படாமல் கல்லாவில் கொடுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி கையில் இருக்கும் மெனு அட்டையைக் கூப்பன் நிபந்தனை எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கடைக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஜொமேட்டோ நிறுவனம் 2017 நவம்பரில் 'கோல்டு' என்று ஒரு சந்தாத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு உணவு வாங்கினால் இன்னொன்று இலவசம். ஒரே மேசையில் நாலைந்து பேர் ஆளுக்கொரு சந்தாவை நீட்டினால் கடைக்காரர் என்ன ஆவார்? 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கிப் பல நகரங்களில் உணவகங்கள் கூட்டம் கூட்டமாக அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறின. அதன் பிறகுதான் ஒருவருக்கு நாளுக்கு ஒன்று, மேசைக்கு இரண்டு என்று வரம்பு வந்தது. கடைக்காரர் தெரிந்தே கொடுத்த கூப்பனைக் கொண்டுபோவதில் ஒரு கூச்சமும் வேண்டாம். ஆனால் கூப்பன் இருக்கிறது என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஓண விருந்தன்று இலை போட முடியாமல் திணறும் கடையில் போய், கூப்பன் ஏன் செல்லாது என்று சண்டை பிடிக்கக் கூடாது. ஒரு மேசையை இரண்டு பில்லாக்கி இரண்டு கூப்பனைச் செலுத்தும் கெட்டிக்காரத்தனத்தைக் கல்லாவில் இருப்பவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் ஆளை மறக்க மாட்டார்.

பரிமாறியவருக்கு வைக்கும் டிப்ஸ் தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்குத்தான். அவர் முக்கால்வாசித் தட்டைச் சுமக்கவில்லை, முழுத் தட்டையும் சுமந்தார். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆகவே அவருக்கு வந்து சேர்வது சோம்புத் தட்டில் நீங்கள் வைத்துவிட்டுப் போவதுதான். அன்று உங்கள் தட்டில் யார், எவ்வளவு வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறு பேரும் அடுத்தவர் வைப்பார் என்று எழுந்து வந்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நண்பரிடம் கேளுங்கள். குழுவில் கேட்காதீர்கள், அங்கே கேட்டால் அது கேள்வியாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும். தனியாக, நேரில், "அன்றைக்குப் பில்லில் ஆயிரம் ரூபாய் கழிந்திருந்ததே, அதை எப்படிக் கணக்கு வைத்தாய்?" என்று ஒரே வாக்கியம் போதும். சிரித்துக்கொண்டே கேட்டு, பதிலுக்கு முன்பே "சும்மாதான் கேட்டேன்" என்று பின்வாங்காதீர்கள். 175 ரூபாயைத் திருப்பிக் கேட்க வேண்டாம். அந்த அளவுக்கு உங்கள் மனைவி சொல்வது சரி. கேட்காமலே இருந்துவிட்டால் மாதாமாதம் அவர் முகத்தைப் பார்க்கும்போது பில்லைத்தான் பார்ப்பீர்கள். அந்த அளவுக்கு உங்கள் மனைவி சொல்வது தவறு. அடுத்த முறை பணம் கட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, பில்லைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டு, அதன் கீழே பங்கை எழுதுங்கள். ஒருவர் செய்துவிட்டால் அடுத்தவர் செய்யாமல் இருப்பது கடினம்.

இனி உங்கள் தீபாவளி வவுச்சர். அது தள்ளுபடி இல்லை, பணம். உங்கள் உழைப்புக்கு வந்த 2,000 ரூபாய், நோட்டுக்குப் பதிலாக அட்டையாக வந்திருக்கிறது. 4,200 ரூபாய் பில்லில் அதைக் கொடுத்தால் விலையும் குறையாது, வரியும் குறையாது. கட்டும் தொகையில் 2,000 அடைபடும், அவ்வளவுதான். மிச்சம் 2,200ஐக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, ஐந்து பேரிடமும் 700 வீதம் வாங்கிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அப்போது 2,200 கொடுத்து 3,500 வாங்கியவராக நீங்கள் தெரிவீர்கள். எட்டி நின்று பார்ப்பவனுக்கு உங்கள் நண்பர் செய்ததும் நீங்கள் செய்வதும் ஒன்றாகவே இருக்கும். யாராவது கல்லாவில் உங்கள் பில்லையும் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே உட்கார்ந்ததும் வவுச்சரை எடுத்து மேசையில் வையுங்கள், அலுவலகத்தில் கொடுத்தது என்று சொல்லுங்கள், பிறகு ஆர்டர் கொடுங்கள்.

மனைவியை அழைத்துக்கொண்டு போவதே நல்லது என்று எழுத வந்தேன். அதற்கு முன் வவுச்சரின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். ஒரே தடவையில் முழுத் தொகையும் தீர்க்க வேண்டும், மீதி தரப்படாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் இரண்டு பேர் உட்கார்ந்து 2,000 ரூபாய்க்குச் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்கு அந்த ஆறு பேர்தான் சரி.