விஞ்ஞானியின் கடவுள் நம்பிக்கையும் கட்சிச் சார்பும் அவருடைய ஆய்வைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் கடவுளைவிடக் கட்சியைக் கண்டுதான் எனக்குப் பயம்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோகம் துருப்பிடிப்பதை ஆராயும் அரிமானப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டை பட்டையாக விபூதி பூசி வருபவரும் எங்களிடையே இருந்தார். ஆயுத பூசையன்று சுண்டலுக்கு மட்டும் வந்து நிற்கும் கருஞ்சட்டைக்காரரும் இருந்தார். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா என்று அறிய, மேற்பரப்பில் செப்பு சல்பேட் மின்வாயை (எலெக்ட்ரோடை) வைத்து மின்னழுத்தம் அளப்போம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால் அரிப்பு தொடங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இருவரில் யார் அளந்தாலும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டியது. ஒருவர் எடுத்த அளவை மற்றவர் நம்பாமல் மறுபடி எடுப்பார் என்பது வேறு விஷயம். அதற்குப் பக்தியோ பகுத்தறிவோ காரணமில்லை, தொழில் புத்திதான்.

நானும் பிள்ளையார் நோன்பன்று வீட்டுப் பெரியவர் கையால், மாவில் வைத்து எரியும் திரியான இழையை வாங்கி விழுங்குகிறவன்தான். திரியும் மாவும் வயிற்றுக்குள் போனதால் மறுநாள் என் அளவீடு மாறியதில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1979இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ள முஸ்லிம். ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். தனித்தனியே உழைத்து ஒரே கோட்பாட்டில் வந்து நின்றார்கள். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட லெமெய்த்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கருத்தைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, அதை ரசிக்காதவர் அந்தப் பாதிரியாரேதான்.

அரசியல் வேறு மாதிரி நுழைகிறது. எதை ஆராய்வது, எங்கே ஆராய்வது என்பதை அது தீர்மானிக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டியதால்தான் எங்கள் செம்மண் பூமிக்கு ஆய்வகம் வந்தது. அதுவும் அரசியல்தான், அதில் எனக்குக் குறையில்லை, சோறு போட்டது.

விடையையும் கட்சியே சொல்லத் தொடங்கினால்தான் வினை. அதே 1948 ஆகஸ்டில், கட்சியின் மத்தியக் குழு தன் அறிக்கையை ஏற்றுக்கொண்டது என்று அறிவித்து, வேளாண் ஆய்வாளர் லைசென்கோ சோவியத் நாட்டில் மரபியலையே முடக்கினார். அவரை எதிர்த்த மரபியலாளர் வவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் செத்துப்போயிருந்தார். அவருக்கு வந்தது சிறை. பிரிட்டனில் பத்திரமாக இருந்த ஹால்டேனுக்கு என்ன வந்தது? மரபியலில் மேதை, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். லைசென்கோ சொல்வது தவறு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் வெளிப்படையாகக் கண்டிக்காமல் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.