யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாறுமூலைக்குப் படிக்கப் போகிறேன். புது ஊரில் எப்படிப் பழகிக்கொள்வது?

கேள்வியில் ஊரை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள், மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். ஏ.எல் பரீட்சை முடிந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்து, நீங்கள் ஆசைப்பட்டது தவறி, விண்ணப்பத்தில் எங்கேயோ கீழே போட்டிருந்த, மட்டக்களப்பு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் வந்திருக்கும். வீட்டில் ஒருவர் "பரவாயில்லை, கம்பஸ் கம்பஸ்தானே" என்றிருப்பார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி அந்தப் பாய்க் கதையைச் சொல்லியிருப்பார். இன்னும் சொல்லவில்லையென்றால் பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிடுவார்.

எனக்குச் சொன்னது மாமி. 2010 கடைசி. நான் பை கட்டிக்கொண்டிருக்க, வாசற்படியில் நின்று சொன்னா: "மட்டக்களப்பார் பாயோட ஒட்ட வைச்சுப் போடுவாங்கள். ஆர் வீட்டிலயும் பாயில இராதை. தந்ததைக் குடியாதை." போனவனை மருந்து மந்திரம் போட்டு அங்கேயே கட்டி வைத்துவிடுவார்களாம். நான் அதை நம்பவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினேன்.

இரவு பஸ். பொலன்னறுவை வரைக்கும் முழித்திருந்தவன் வெலிகந்தைக்குப் பிறகு அயர்ந்துவிட்டேன். வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி எல்லாம் தூக்கத்தில் போயின, வந்தாறுமூலையும்தான். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது ஏறாவூர். விடியச்சாமம், பள்ளியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் இரண்டு பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். வாளி அம்மாவின் யோசனை. அதற்குள் பனடோல் முதல் பருத்தித்துறை வடை வரை இருந்தது. அப்போதுதான் அடுப்பு மூட்டிய தேத்தண்ணிக்கடைக்கார நானா என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க போகணும் மகன்?" என்றார். சொன்னேன். "அது பின்னுக்குப் போயிட்டு. கிறுகித்தான் போகணும்." எனக்குக் கிறுகிறுப்பு மட்டும்தான் தெரியும், கிறுகுதல் என்றால் திரும்புதல் என்று யார் கண்டது! தலை சுத்துதா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து "இல்லை, சுகமா இருக்கிறன்" என்றேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பால் தேத்தண்ணி ஒன்று ஊற்றித் தந்து, காசு வாங்காமல், வாழைச்சேனைப் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். மாமியின் சட்டத்தில் ஒரு பிரிவு அன்றைக்கே போயிற்று.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் எல்லோரும் தெய்வம் என்று எழுத வரவில்லை. நான் முதலில் இருந்த போடிங்கில் இரவு பத்து மணிக்கு மெயின் சுவிச்சை இறக்கிவிடுவார் வீட்டுக்காரர். அந்தப் புழுக்கத்தில் ஃபான் இல்லாமல் கிடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். முற்பணத்தில் அரைவாசி திரும்பி வரவேயில்லை. அது எந்த ஊரிலும் நடக்கும். கேட்டால் யாழ்ப்பாணத்துப் போடிங் கதைகளையும் வரிசையாகச் சொல்வேன்.

பிறகு கிராமத்துக்குள் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை கிடைத்தது. பேரப்பிள்ளைகள் "பெத்தா" என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வந்த அன்றே விரித்துப் படுக்க ஒரு பன்பாய் தந்தா. "எனக்குச் சீலை விரிச்சுப் படுத்துத்தான் பழக்கம் பெத்தா" என்று பாயைச் சுருட்டிச் சுவரோடு சாத்தி வைத்தேன். வெறும் சீமெந்துத் தரை. முதுகு வலித்தது. பாயைத் தொடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் விட்ட பெரிய பிழை பாய் அல்ல, வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் கடைசி லெக்சர் முடிய முடிய பையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாண பஸ். ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் முழுக்க வகுப்பில் தூக்கம். வீட்டுச் சாப்பாடு, வீட்டுக் கட்டில், பழைய சிநேகிதர்கள் என்று எல்லாம் கிடைத்தது. ஆனால் பட்ச் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டது அந்தச் சனி ஞாயிறுகளில்தான். கல்லடிப் பாலத்தில் போய் நிற்பது, பாசிக்குடாவில் குளிப்பது, காசு சேர்த்து இறால் வாங்கிச் சமைத்துக் கருக்குவது. திங்கட்கிழமை அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு எதற்கென்று விளங்காது. என்னைப் பார்த்தால் ஒதுக்குகிறார்கள் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். யாரும் ஒதுக்கவில்லை, நான் ஊரில் இருந்தால்தானே.

அதை நிறுத்தியது என் புத்தி அல்ல. 2011 ஜனவரி வெள்ளம். உங்களுக்கு நினைவிருக்கிற வயதோ தெரியாது, மட்டக்களப்பும் அம்பாறையும் ஒன்றாக மூழ்கின. பொங்கலுக்குப் போகப் பை கட்டி வைத்திருந்தேன். பொலன்னறுவைப் பாதை மூடியாயிற்று என்றார்கள். மின்சாரம் இல்லை, போன் செத்துவிட்டது. வாவி எது, வயல் எது, வீதி எது என்று தெரியவில்லை. கதிர் முற்றி வெட்டுக்கு நின்ற வேளாண்மை முழுக்கத் தண்ணீருக்குள். பெத்தாவின் மகன் வாசலில் குந்தியிருந்து வயல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் அவர் என்னோடு நாலு சொல் பேசியிருந்தால் அதிகம். சின்னப் பொடியன்கள் மட்டும் மதகடியில் அத்தாங்கு வைத்து மீன் பிடித்துக் கூத்தடித்தார்கள்.

என் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும், பெத்தா உள் வீட்டில் இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் அந்தப் பன்பாயை விரித்தா. நான் நின்றேன். சீலை நனைந்துவிட்டது, சொல்லச் சாட்டும் இல்லை. குப்பி விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தா.

"என்ன மனே, ஒட்டிப்போடும் எண்டு பயமா?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "முந்தி இருந்த பொடியனும் இப்பிடித்தான் நிண்டவன்" என்றா. கோபமில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். படுத்தேன். அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். காலையில் எழும்ப, பாயின் பின்னல் அப்படியே கன்னத்தில் அச்சாகியிருந்தது. பெத்தா பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினா: "பாத்தியா, ஒட்டிப்போட்டு!"

பொங்கல் தேங்காய்ப்பாலில் மண்ணெண்ணெய் அடுப்பில் பொங்கியது. பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. வேகாத அரிசியோடு சாப்பிட்டோம்.

அந்த இருட்டில்தான் இன்னொன்றும் சொன்னா. "உன்ட கம்பஸ் எனக்கு நல்லாத் தெரியும் மனே." படித்த இடமாக அல்ல. 1990இல் அந்த வளாகம் அகதி முகாம். செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து படையினர் கூட்டிக்கொண்டு போன 158 பேர் திரும்பி வரவில்லை. பெத்தாவின் தம்பி அதில் ஒருவர். நான் தினமும் நடந்து போன இடம். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை, பாய்க் கதை மட்டும் எல்லோருக்கும் பாடம்.

இதை வாசித்துவிட்டு, யாழ்ப்பாணத்தானை மட்டம் தட்டுகிறான் என்று வரப்போகிறவர்களே, நானும் அதே ஊர்தான், அதே மாமியின் மருமகன்தான். பிரதேசவாதம் ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதும் தெரியும். எங்கள் பேச்சைப் பகிடி பண்ணிய பட்ச் பொடியன்களும் இருந்தார்கள். கேட்டது என் அனுபவம், அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளத்தில் கூடவே அகப்பட்டுக் கிடந்தவன் ஒரு குருநாகல் பொடியன், சிங்களவன். அவனோடு சிநேகம் பிடித்ததும் சுவாரசியமான கதை. ஒரு காரியாலயத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது, முழுக்கச் சிங்களத்தில். நான்கு நாள் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய பிரச்சினை, காசு நிற்கப்போகிறது என்று பயந்து திரிந்தேன். கடைசியில் அவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "ஃபோட்டோ ரெண்டு வேணுமாம்" என்றான். அவ்வளவுதான்! 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. போன மாதமும் எனக்குத் தனிச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. தமிழ்ப் பெயருக்கு, தமிழ் ஊர் முகவரிக்கு! தமிழில் பதில் போட்டேன், அதற்குப் பதில் இல்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

ஆகவே தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்), முதல் ஆறு கிழமை வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மா அழுவா, அழட்டும். கடைக்காரர் "மறுகா?" என்றால் "வேற என்ன வேணும்?" என்று அர்த்தம், முழிக்க வேண்டாம். நாங்கள் சொதி என்பதை ஆணம் என்பார்கள், ருசி எங்களுடையதைவிட நல்லது, இதை வீட்டில் சொல்ல வேண்டாம். போடிங்குக்கு முற்பணம் கொடுக்கும்போது துண்டு எழுதி வாங்குங்கள். இரவு பஸ் என்றால் வந்தாறுமூலையில் எழுப்பச் சொல்லி ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள், இறங்கும்போது வாளியை எண்ணிப் பாருங்கள்.

படிப்பு முடித்து வரும்போது பெத்தா அந்தப் பாயைச் சுருட்டிக் கையில் தந்தா. இப்போது அதில் அம்மா மிளகாய் காயவைக்கிறா. மாமி வந்தால் கதிரையில்தான் இருப்பா.