ஸ்போரன்னா முதல்ல பாக்கெட் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

எடின்பரோ வந்து நாலு வருஷம் ஆச்சு. போன வருஷம் ஆபீஸ் நண்பர் கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டற கொசுவம் வெச்ச பாவாடை, அதான் கில்ட், வாடகைக்கு எடுத்து கட்டினேன், அன்னிக்கே மனசுக்கு ஒட்டிடுச்சு, இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கிட்டேன். சனி ஞாயிறுல பென்ட்லேண்ட் மலைப்பக்கம் நடக்கறப்பவும் கடைக்குப் போறப்பவும் கட்டணும்னு ஆசை. ஆனா வாடகையோட வந்த ஸ்போரன், அதான் கில்ட்டுக்கு முன்னாடி தொங்கற பை, முன்னாடி முடி, மேல வெள்ளி வளைவுன்னு ஜோரா இருந்துச்சே தவிர போன் உள்ள போகல, அன்னிக்கு பூரா கையிலயே வெச்சிருந்தேன். தினசரிக்கு எந்த மாதிரி வாங்கறது? நீங்க தோல் வேலை செய்வீங்கன்னு எழுதியிருந்தீங்க, வீட்லயே செஞ்சுக்க முடியுமா? எவ்வளவு உயரத்துல தொங்கணும்?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கல்யாணத்தோட கழட்டி வைக்காம மலைக்கும் கடைக்கும் கட்டணும்னு நினைக்கறீங்களே, அதுவே எனக்கு பெரிய சந்தோஷம்.

கில்ட்ல பாக்கெட் கிடையாது, அதுக்காகத்தான் ஸ்போரன், கேலிக் மொழியில அந்த வார்த்தைக்கு அர்த்தமே பணப்பைதான். ஸ்காட்லாந்தோட மலைநாடான ஹைலேண்டுல பழைய ஆளுங்க வெச்சிருந்தது மான்தோல்ல வார் கோத்து இழுத்து மூடற பை, நம்ம பாட்டிங்க இடுப்புல சொருகற சுருக்குப்பை மாதிரியே. நீளமா தொங்கற குதிரைமுடி ஸ்போரன் எல்லாம் ராணுவப் படைப்பிரிவுகளோட வளர்ந்தது, இன்னிக்கும் பேக்பைப் வாசிக்கற பைப் பேண்டுல பார்க்கலாம். அதனால அலங்காரம் இல்லாத ஸ்போரன் ஏதோ மட்டம்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, அதுதான் மூத்தது.

கடையில 'டே ஸ்போரன்'னு கேளுங்க, முழுத்தோல், மேல தோல் மூடி, அவ்வளவுதான். பலதுல முன்னாடி மூணு குஞ்சம் இருக்கும், நடக்கறப்ப டக் டக்னு அடிச்சுகிட்டே வரும், எனக்கு அது பிடிக்காது, இல்லாததே வாங்குங்க. கருப்பை விட பிரவுன் நல்லது, கீறல் தெரியாது, ஆனா பெல்ட்டும் ஷூவும் அதே நிறமா இருக்கட்டும். மழையில நனையற ஊர்ல முடி வெச்சது தினசரிக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கறப்ப எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பாங்க, நீங்க திருப்பி பின்பக்கத்தைப் பாருங்க. கில்ட்டுக்கு பின்னாடிதான் கொசுவம், முன்னாடி ஏப்ரன்னு சொல்ற மடிப்பில்லாத துணி, நடக்கற ஒவ்வொரு அடிக்கும் ஸ்போரன் அந்தத் துணியிலதான் உரசுது. நான் செஞ்ச முதல் ஸ்போரன்ல பின்பக்கம் ரிவெட், அதான் தோலை இறுக்கிப் பிடிக்கற உலோக ஆணி, அடிச்சு அதோட முனையை அப்படியே விட்டுட்டேன், ஒரு குளிர்காலம் முடியறதுக்குள்ள ஏப்ரன் நடுவுல கம்பளி நைஞ்சு நூல் தெரிய ஆரம்பிச்சுடுச்சு, ஸ்போரனை வேற செஞ்சுக்கலாம், அந்த கில்ட்டை என்ன செய்ய. இப்ப பின்பக்கம் முழுசும் வழவழன்னு ஒரே தோல்தான் வைக்கறேன். இடுப்பைச் சுத்தற சங்கிலியும் இதே மாதிரி பின்னாடி கொசுவத்தைத் தேய்க்கும், தினசரிக்கு தோல் வார்தான் சரி.

வீட்ல தாராளமா செய்யலாம், தையல் மெஷின்கூட வேண்டாம். முதல்ல அட்டையில வெட்டி டேப் போட்டு ஒட்டி ஒரு டப்பா மாதிரி செஞ்சுக்கோங்க, அதுல போன், சாவி, கார்டு, நீங்க வழக்கமா தூக்கிட்டுப் போறது எல்லாத்தையும் போட்டு வீட்டுக்குள்ள ஒரு நாள் பூரா கட்டிகிட்டு நடங்க, உட்காருங்க, படி ஏறுங்க. என்னோடது 18 சென்டிமீட்டர் அகலம், 20 உயரம், 4 ஆழம், போன் படுத்தவாக்குல போகும். இதுக்கு மேல பெருசா செஞ்சா கண்டதையும் போடத் தோணும், கனத்துல வார் இறங்கும், தொடையில இடிக்கும்.

தோல் 'வெஜ் டேன்'னு கேட்டு வாங்குங்க, மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தினது, முன்னுக்கும் பின்னுக்கும் 2 மில்லிமீட்டர், சுத்தி வர்ற பக்கப்பட்டைக்கு அதை விட மெல்லிசு, இல்லன்னா மூலையில வளையாம உயிரை வாங்கும். பின்பக்கமும் மூடியும் ஒரே துண்டா வெட்டுங்க. மெழுகு நூல், ஒரு நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி, குத்தூசியால 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, ரெண்டு ஊசியும் ஒரே துளையில எதிரும் புதிருமா போகணும். இந்தத் தையல்ல ஒரு இடத்துல நூல் அறுந்தாலும் மத்தது அப்படியே நிக்கும், மெஷின் தையல் பிரிஞ்சுகிட்டே போயிடும். மூடிக்கு காந்தம் வைக்காதீங்க, நீங்க மலைக்குப் போறவரு, காம்பஸ் பக்கத்துல வந்தா முள்ளு திரும்பிடும், போன்ல இருக்கற காம்பஸும் அப்படித்தான். பித்தளைக் குமிழ் போதும், கையுறையோடவே திறக்கலாம். நனைஞ்சா ஹீட்டர் மேல போடாம நிழல்ல காய வெச்சு அப்புறம் தேன்மெழுகு தடவுங்க.

கட்டறப்ப, கில்ட்டுக்கு பின்னாடி ரெண்டு லூப் இருக்குமே அது இந்த வாருக்குத்தான், அதுக்குள்ள விட்டு இடுப்பெலும்பு மேல சுத்தி கொண்டு வாங்க. பெல்ட் பக்கிளுக்கு கீழ ஒரு உள்ளங்கை அகலம் விட்டு ஸ்போரனோட மேல்விளிம்பு வரணும், நடு மத்தியில. ரொம்ப இறங்கினா ஒவ்வொரு அடிக்கும் ஆடும். பஸ்ல உட்கார்றப்ப மடியில விழுந்து ஏப்ரனை அழுத்திப் பிடிக்கும், காத்துல நிக்கறப்பவும் அந்தக் கனம் உதவும். கார் ஓட்டறப்பவும் டான்ஸ் ஆடறப்பவும் இடுப்புப் பக்கமா தள்ளி விட்டுடுங்க.

அட்டை வெட்டினதும் அளவை எழுதி அனுப்புங்க தம்பி, தோல்ல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் பார்த்துடறேன்.

அன்புடன்,
அண்ணன்